மானகிரிக்கு ஞாயிறுதோறும்

1

இந்தக் கதை ஒரு பாராட்டில் பிறந்தது. மலையாண்டிக்குத் தகுதியில்லாமல் கிடைத்த பாராட்டு. மலையாண்டி யாரென்று கடைசியில் அவிழ்க்கலாம் என்றிருந்தேன். அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. நான்தான். ‘நான்’ என்றெழுதக் கை கூசுகிறது. ‘அவன்’ என்றால் யாரோ ஒரு அயோக்கியன் என்று நிம்மதியாக இருக்கிறது.

2

காரைக்குடியில் ஓர் அச்சகம். மலையாண்டி எழுத்துக் கோர்ப்பவன்; குருநாதன் பிழை திருத்துபவர். பன்னிரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். 1969இல், இளையாத்தங்குடிக் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் வைகாசி 21 என்பது 22 என்று அச்சாகிவிட்டது. பாதிச் சொந்தம் மறுநாள் பட்டுடுத்தி வந்து பந்தல் பிரிப்பதைப் பார்த்தது. (இங்கே சிரிக்கலாம். முதலாளி வரும்வரை நானும் சிரித்தேன்.) குருநாதனுக்கு அன்றே வேலை போயிற்று.

அப்போது மலையாண்டி துணிந்து முன்னே வந்து

(அடித்துவிட்டேன். வரவில்லை.)

குருநாதன் சிவப்பு மையில் 21 என்று திருத்தித்தான் கொடுத்திருந்தார். எழுத்தை மாற்ற மறந்தவன் மலையாண்டி. அவர் திருத்திய அந்தத் தாளில் வடை எண்ணெயை ஒற்றி எறிந்தவனும் அவனே.

3

மற்றவர்கள் குருநாதனை மறந்தார்கள். மலையாண்டி மட்டும் ஞாயிறுதோறும் மானகிரியில் அவர் வீட்டுக்குப் போனான். நட்பு என்று எழுதினேன். பயம் என்று திருத்தினேன். இப்போது இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன்.

“வேலையில இருந்தப்ப எத்தனை பேரு வந்தாக! இப்ப நீங்க ஒருத்தருதாண்ணே வாரீக” என்றாள் குருநாதனின் மனைவி சோலையம்மாள்.

பாராட்டு இதுதான். மலையாண்டி அடக்கமாகச் சிரித்தான். அந்த அடக்கத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன ஞாயிறு அவள், “தேவகோட்டை அச்சாபீசுல கூப்பிடுறாக. இவுக போகமாட்டேங்குறாக” என்றாள்.

“எப்படிப்பா போறது?” என்றார் குருநாதன். “திருத்துனதாத்தான் ஞாபகம். ஆனா என் கண்ணை நானே நம்பல.”

4

இங்கே மூன்று நாள் எழுத்து நின்றது. மலையாண்டிக்கு நல்ல வசனமாகத் தேடினேன். நிஜத்தில் வந்தது இவ்வளவுதான்:

“அண்ணே, நீங்க திருத்தித்தான் குடுத்தீக. நான்தான் மாத்தல.”

“செவப்பு மையிலயா?”

“செவப்பு மையில.”

சோலையம்மாள் அவன் பாதி குடித்திருந்த காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.  குருநாதன் சட்டையை மாட்டினார். “தேவகோட்டைக்காரரு வீட்டுலதான் இருப்பாரு. பாத்துட்டு வாரேன்.”

மலையாண்டி பஸ்வரை பின்னாலேயே போனான். கூட ஏறத் தைரியமில்லை. படியில் நின்று அவர் திரும்பினார்.

“ஏப்பா, இனிமே ஞாயித்துக்கெழமை...”

பஸ் கிளம்பிவிட்டது.

5

திங்கட்கிழமை மலையாண்டி முதலாளியிடமும் சொன்னான். அவனுக்கும் அன்றே வேலை போயிற்று. அவனைப் பார்க்க இதுவரை யாரும் வரவில்லை.

குருநாதன் பஸ் படியில் பாதியில் விட்டதை “...வராதே” என்று முடித்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. “...மறக்காம வா” என்றும் முடித்தேன், எழுதியவனுக்கே கண் கலங்கியது, வெட்கப்பட்டுக் கிழித்தேன்.

இன்று ஞாயிறு. மானகிரி பஸ் நிற்கிறது. கண்டக்டர், “ஏறுறீகளா, இல்லையா?” என்கிறார்.

குருநாதன் விட்ட வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.