சந்தனப் பொட்டு வைத்த சிடி

"நீ பாத்ததைச் சொல்லுதியா, இருக்கும்னு நெனச்சதைச் சொல்லுதியா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ரிச்சர்ட் அண்ணன் முனீஸ்வரியிடம் இப்படிக் கேட்டார். அழிந்துபோன படங்களையும் கணக்குகளையும் மீட்டுத் தரும் கடை அவருடையது, ராஜபாளையத்தில். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் முனீஸ்வரி. ஆள் முகம் பார்த்துப் பேச வராது. அன்றும் தரையைத்தான் பார்த்தாள்.

ஆடி மாதம் மாடத்தி வந்தாள். தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவள். வெட்டுத்துணியில் சுற்றியிருந்த சிடியை மேசைமேல் வைத்தாள். பதினைந்து வருடத்துக்கு முன் கோயிலில் நடந்த அவள் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. அப்படியொரு கல்யாணமே நடக்கவில்லை என்று புருஷன் விஜயபாண்டி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சொல்கிறான். அவன் அக்கா கருத்தம்மாளும் கூண்டில் ஏறி அதையே சொல்லிவிட்டாள். ஆல்பம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. படம் எடுத்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

"இதுல ஒண்ணும் தெரியலன்னா நானும் எம் பிள்ளையும் அவனுக்கு யாரோதான்" என்றாள் மாடத்தி.

சிடியின் மேல்பக்கம் மூன்று சந்தனப் பொட்டுகள் காய்ந்து வெடித்திருந்தன.

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு மிஷினுக்கு வைக்கும்போது இதுக்கும் வச்சேன். பளபளன்னு இருக்க பக்கத்துல கையே படல."

"அந்தப் பக்கம் கீறுனாக்கூடத் தேய்ச்சு எடுத்துரலாம், தாயி" என்றார் ரிச்சர்ட். "படம் இருக்கது மேல்பக்கப் பெயிண்டுக்கு அடியில. சந்தனம் காய்ஞ்சு அதை இழுத்திருக்கு."

கம்ப்யூட்டரில் போட்டால் காலி என்று காட்டியது. ஒரு பொட்டு படங்களின் பெயர்ப் பட்டியல் இருந்த இடத்தையே தின்றிருந்தது. பட்டியல் இல்லாவிட்டால் செக்டர் செக்டராகப் படிக்க வேண்டியதுதான். செக்டர் என்பது சிடியின் ஒரு சின்னத் துண்டு. லட்சக்கணக்கில் இருக்கும். முனீஸ்வரி டிரைவின் வேகத்தைக் குறைத்து முன்னாலிருந்து ஒருமுறையும் பின்னாலிருந்து ஒருமுறையும் படிக்கவிட்டாள். படிக்க முடியாத செக்டர்களின் எண்களை நோட்டில் குறித்தாள். பொட்டு இருந்த இடத்தில், சிடியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செக்டர் போயிருந்தது. எண்களைப் பார்த்தே பொட்டு எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடலாம்.

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு படக் கோப்பும் ஒரே மாதிரி எழுத்துகளோடுதான் தொடங்கும். அந்த எழுத்துகளைத் தேடித் தேடி ஒன்பது நாளில் நூற்றுப் பதினெட்டுப் படங்களை எடுத்தாள். தாலி கட்டும் படம் பாதிதான் வந்தது. மேலே முகங்கள் இருந்தன. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

மாடத்தி அந்தச் சாம்பலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வக்கீலும் தாலியைத்தான் தேடினார்.

"பந்தியில உக்காந்திருக்க படத்துல தாலி தெரியுதே. அதை வெட்டி இதுல வச்சிரேன், ஏட்டி. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் மாடத்தி.

முனீஸ்வரிக்கு அது அரைமணி நேர வேலை. பந்திப் படத்தில் மாடத்தி தனியாக இருந்தாள். அதை வைத்து யார் கட்டியது என்று சொல்ல முடியாது.

"மாட்டேன்க்கா" என்றாள்.

மாடத்தி அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

சிடியிலிருந்து படங்களை எடுத்தவள் என்பதால் கோர்ட்டுக்கு முனீஸ்வரியைத்தான் கூப்பிட்டார்கள். விஜயபாண்டியின் வக்கீல் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் சாம்பல்ல என்னம்மா இருந்துச்சு?"

"தெரியாது சார்."

"தாலியா?"

"நான் பாக்கல சார்."

வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேல் பாதி?" என்று நீதிபதி கேட்டார்.

"டிஸ்க்குல இருந்தபடியே இருக்கு சார். நான் எதையும் சேக்கல."

"அதில் பார்த்ததைச் சொல்லும்மா."

முனீஸ்வரி படத்தை வாங்கிக்கொண்டாள். "மாப்பிள்ளை குனிஞ்சிருக்காரு. பொண்ணுக்குப் பின்னால நின்னு ஒரு அம்மா பிடரியில முடிச்சுப் போடுதாக." பிறகு முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி எதிரே இருந்தவர்களைப் பார்த்தாள். "இந்தா, கடைசிப் பெஞ்சுல இருக்காகளே, அவிய."

முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது. அங்கே இருந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. வக்கீல்கள், ஏட்டு, டவாலி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடத்தியும் பார்த்தாள்.

கருத்தம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். தம்பி கையை நீட்டித் தடுத்தான். அவள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.