டீசல் வேண்டும் என்றாள் அக்கா

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியின் பின்பக்கம் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

பின் சீட்டுகளை மடக்கி, டிக்கி வரைக்கும் ஒரே தரையாக ஆக்கிக் காட்டியிருந்தார் பல் டாக்டர். வண்டி அவருடையது, விலைக்கு வைத்திருந்தார். சாம்பல் நிற வேகன், நீளமான உடம்பு, டீசல். வெளியூரில் இருந்த கிளினிக்குக்குத் தினமும் போய்வருவதற்காக வாங்கினாராம். இப்போது கிளினிக் இல்லை. வண்டி மட்டும் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"காலை நல்லா நீட்ட முடியுது," என்றாள் அக்கா, கூரையைப் பார்த்தபடி.

"கண்ணாடிக்கு ஏது கால்?" என்றேன்.

வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை. தலைக்கு மேல் கையை நீட்டி, முன் சீட்டின் முதுகு எங்கே முட்டுகிறது என்று தடவிப் பார்த்தாள்.

நானும் அக்காவும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். படங்களுக்குச் சட்டம் போடுவோம். ஆளுயரக் கண்ணாடிகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிக் கொடுப்போம். ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். படியேறும்போது பின்பக்கமாக ஏறுகிறவள் எப்போதும் அவள்தான். "படி", "திருப்பம்", "தலை" என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். அவள் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

எங்கள் தொழிலில் முதல் நாளே தெரிந்துகொள்வது, கண்ணாடியைப் படுக்கவைக்கக் கூடாது என்பது. படுத்த கண்ணாடி சாலையில் ஒரு பள்ளம் வந்தால் தன் எடையாலேயே விரிசல் விடும். நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும், சாய்த்துக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் நாங்கள் முதலில் அளப்பது கதவின் உயரத்தை. அன்று அக்காவின் பையை விட்டு டேப் வெளியே வரவே இல்லை. அவள் உயரத்தைப் பார்க்கவில்லை, நீளத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் உறைக்கவில்லை.

என் கவனமெல்லாம் டீசலின் மேல் இருந்தது. பல நாளாக எங்கள் வீட்டில் அதே பேச்சு. நான் பெட்ரோல் கட்சி, அவள் டீசல் கட்சி. நான் படித்துப் படித்துச் சொன்னேன்: டீசல் வண்டியில் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது, அந்தக் கரி எரிந்து போக வண்டி நீளமாக, வேகமாக ஓட வேண்டும், நம்மைப் போல நாலு தெரு தாண்டி நிற்கிறவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவதென்றால் சொத்தையே எழுதி வைக்க வேண்டும். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "முடிஞ்சுதா புரொபசர்? டீசல்தான்," என்பாள். காரணம் கேட்டால், "இழுவை நல்லா இருக்கும்," என்பாள். எங்கள் ஊரில் ஏற்றமே கிடையாது.

அவள் உள்ளே படுத்திருந்த நேரத்தில் நான் என் பங்குக்கு முன் சக்கரத்துக்குள் கையை விட்டு பிரேக் தட்டைத் தடவிப் பார்த்தேன். தட்டு நன்றாகத்தான் இருந்தது. இடது கை விரல்கள் மட்டும் அடுப்பு துடைத்த மாதிரி கறுத்துப் போயின.

பல் டாக்டர் என்னிடம் கேட்டார்: "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்கம்மா?"

"ஊருக்குள்ளதான் சார். கடையில இருந்து வீடுகளுக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர், விற்க நிற்பதையே மறந்துவிட்டார். "அப்ப இது வேணாம்மா. டீசல் கடைவாய்ப் பல் மாதிரி. நல்லா மென்னாத்தான் சுத்தமா இருக்கும். சும்மா வச்சிருந்தா அழுக்கு சேரும். நான் தினம் நெடுஞ்சாலையில விரட்டினேன், அதனால பிழைச்சிது. நீங்க வாங்கினா சீக்கிரமே என்னைத் திட்டுவீங்க."

"கேட்டியாக்கா?" என்றேன், ஜெயித்த குரலில். "அவரே சொல்றாரு."

அக்கா எழுந்து டிக்கி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஊருக்குள்ள இல்ல டாக்டர். தூரம்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு ஊர்."

கண்ணாடி கைநழுவும்போது ஒரு கணம் உண்டு. கை காலியாகிவிட்டது தெரியும். சத்தம் மட்டும் இன்னும் வந்திருக்காது. அந்தக் கணத்தில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் வரவே இல்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறினார்கள். அது மட்டும் கேட்டது.

"எந்த ஊரு?" என்றேன்.

"ஒரு ஓவியக் கண்காட்சி. ஊர் ஊரா போகுது. போற இடத்துல எல்லாம் படத்தை மாட்டணும், கழட்டணும், சட்டம் உடைஞ்சா சரி பண்ணணும். என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"வரேன்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"முதல்ல டீசல்னு சொன்னேன் பாரு, அன்னைக்கு."

அத்தனை நாள். அத்தனை சாப்பாட்டு வேளைகளிலும் நான் ஃபில்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் ரசம் ஊற்றியதும், அவள் கேட்டுக்கொண்டிருந்ததும், "முடிஞ்சுதா புரொபசர்" என்றதும், எல்லாம் இப்போது வேறு யாரோ இரண்டு பேர் வீட்டில் நடந்த மாதிரி இருந்தது. திறந்திருந்த டிக்கிக்குள் பார்த்தேன். அவள் படுத்திருந்த இடத்தில் தூசு நகர்ந்து ஓர் ஆளின் வடிவம் தெரிந்தது.

"இதுலயா தூங்கப் போற?"

"எப்பவாவது. ரூம் கிடைக்கலன்னா."

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நான் உள்ள போய் சாவியை எடுத்துட்டு வந்துடறேன்," என்றார். சாவி அவர் விரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், அவரும் பார்த்தார். சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு அப்படியும் உள்ளே போனார்.

"சொல்லத்தான் நெனச்சேன்," என்றாள் அக்கா. "வாயைத் தொறந்தா நீ பெட்ரோல்னு ஆரம்பிச்சிடுவ."

"என் மேல பழியா?"

"இல்லடி." காலில் செருப்பை மாட்டினாள். தவறான காலில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். "கடை உன்னோடது. நான் ஒண்ணும் பங்கு கேக்க மாட்டேன்."

"பெரிய கண்ணாடிய அந்தப் பக்கம் யாரு பிடிப்பா?"

அவள் என் பக்கம் திரும்பி அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்றோ அழுவாள் என்றோ எதிர்பார்த்தேன். கேட்டதோ வேறு.

"நீதான எல்லாத்தையும் படிச்ச. ஃபில்டர் நல்லா இருந்தா சைலன்சர் உள்ள கரி இருக்காதுன்னு சொன்னியே, நெஜமா?"

"நெஜம்."

"அப்ப விரல் விட்டுப் பாரு. கரி வந்தா இந்த வண்டி வேணாம். வேற தேடறதுக்கு நாளும் இல்ல, அவங்க கெளம்பிடுவாங்க. வரலன்னு சொல்லிடறேன்."

"நீயே பாரேன்."

"நீ பார்த்தா போதும்," என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஸ்டார்ட் செய்யாத வண்டி; குழாய் சுடவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலைக் குழாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். வெளியே எடுத்தேன்.

சுத்தம். லேசான ஈரம் மட்டும்.

மறுபடி விட்டேன், இன்னும் உள்ளே, விரலின் அடிக்கணு நுழையும் வரை. சுத்தம்தான். டாக்டர் பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் விரட்டப்பட்ட, இன்னும் பல வருஷம் ஊர் ஊராக ஓடக்கூடிய, எந்தக் குறையும் இல்லாத வண்டி.

இடது கை முழங்காலின் மேல் இருந்தது. ஐந்து விரலும் பிரேக் கரி.

"என்ன வந்துச்சு?" அக்கா ஜன்னலைத் திறந்து கேட்டாள். தலையை வெளியே நீட்டவில்லை. பக்கக் கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. அந்தச் சின்னக் கண்ணாடியில் கறுத்த கை ஒன்று தெரிந்தால் போதும். எந்தக் கை என்று அவள் கேட்கப்போவதில்லை. படியேறும்போது "திருப்பம்" என்றால் திரும்புகிறவள்.

எழுந்து நின்றேன். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. எது என்னுடையது என்றே தெரியாத மாதிரி இருந்தது.

"ஏய், தூங்கிட்டியா?"

வலது கையைத் தூக்கினேன். விரலை நீட்டிக் காட்டினேன்.

"சுத்தமா இருக்கு," என்றேன்.

கண்ணாடியில் அவள் கண்கள் அசையாமல் நின்றன. பிறகு சாவி திரும்பியது. எஞ்சின் ஒரு தடவை உறுமி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. மெல்லிய வெள்ளை ஆவி என் கால்களுக்கு நடுவே வந்து, உடனே கலைந்தது.

"புகை இருக்கா?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்லக்கா."

டாக்டர் வாசலுக்கு வந்து, ஓடுகிற வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கையை நான் இன்னும் இறக்கவே இல்லை.