தண்ணீர் டியூபில் இருந்த ஆள்

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாயை மூடவே மாட்டார். முகக்கவசத்தைத் தாடைக்குத்தான் மாட்டுவார். திறந்து வைத்த டியூபுகளுக்கு மேலே குனிந்து, மருமகன் வாங்கிய காரைப் பற்றிக் கதையளப்பார். “எச்சில் தெறிக்குது சார்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் வந்தது ஒரு கொலை வழக்குக் கத்தி. பிடியில் துடைத்தெடுத்தது ஒரு டியூபில், பக்கத்து டியூபில் வெறும் தண்ணீர். தண்ணீரில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் சோதனையே கெட்டுப்போனதாக அர்த்தம். நகலெடுக்கும் மெஷின் சூடேற்றியதும் டி.என்.ஏ என்ற முறுக்கிய ஏணி நடுவில் பிரியும். அதன் படிகள் நாலே எழுத்து: ஏ-க்கு ஜோடி டி, ஜி-க்கு ஜோடி சி. அதனால் பாதி ஏணி இருந்தாலே மறுபாதியைக் கட்டிவிடலாம். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியாகும். யாருடையது என்று மெஷின் கேட்காது. நம் உடம்பில் செல் பிரியும்போதும் இதே நகலெடுப்புதான். ஆனால் தப்பான எழுத்து விழுந்தால் செல் திரும்பிப் பார்த்து வெட்டி எறியும். அந்த ரோஷம் ரேடியோவுக்குக் கிடையாது.

டி.என்.ஏ-வில் ஆளுக்கு ஆள் மாறும் இடங்களை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்போம்; கத்தியில் அப்படி ஆறு இடங்கள் தெரிந்தன. தண்ணீரிலும் அதே ஆறு.

“நாலு இடம் அந்த டிரைவரோட ஒத்துப்போகுதே. மீதி ரெண்டும் மெஷினோட இரைச்சல், கணக்குல வராதுன்னு எழுதிடு. தண்ணி டியூபைப் பத்திப் பேச்சே எடுக்காத” என்று, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்.

கொலை நடந்த வீட்டின் டிரைவர் நாலு மாதமாக உள்ளே இருக்கிறார். இந்தத் தாள் போனால் அவர் வெளியே வரப்போவதில்லை.

“எழுத மாட்டேன் சார்.”

“ஒப்பந்த வேலைல இருந்துக்கிட்டு இவ்வளவு வாய் ஆகாதும்மா. நாளைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இவர் எச்சிலை ஒருத்தன் தலையில் கட்டுவாராம், நான் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இங்கே வேலை செய்கிற எல்லாருடைய டி.என்.ஏ விவரமும் பீரோவில் இருக்கிறது. இப்படி ஏதாவது நடந்தால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான். ரேடியோவுடைய கோப்பை எடுத்து வந்து மேஜையில் விரித்தேன்.

“ஆறு இடமும் ஒத்துப்போறது உங்களோட சார்.”

அவர் குரல் குழைந்தது. “நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி. இதை வெளிய சொல்லணுமா?”

“வேணாம்னா டிரைவர்தான்னே அனுப்புங்க. அவரோட வக்கீல் இந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவாரு. அப்புறம், கொலை நடந்த அன்னைக்கு அந்த வீட்ல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கோர்ட்ல கேப்பாங்க.”

கையெழுத்துக்காக அவர் நீட்டிய பேனா இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதை வாங்கி, அறிக்கையின் குறுக்கே ‘செல்லாது’ என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் பெயரை முழுசாக எழுதினேன்.