ஐ.சி.யூ வாசல் டேப்லெட்

அந்த டேப்லெட்டைப் பூட்டினது நான்தான். வேற யார் மேலயும் பழி போட முடியாது.

இந்த ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான். ஐ.சி.யூ கதவுக்கு வெளியே சுவத்துல ஒரு டேப்லெட் இருக்கு. உள்ளே இருக்கிற பத்து பெட்டோட நிலவரமும் அதுல தெரியும்; காலியான பெட்டோட நம்பர் மறைஞ்சிடும். பச்சைன்னா சிகிச்சை நடக்குது. சிஸ்டர் உள்ளேயிருந்து பட்டனை அழுத்தினா மஞ்சளாகும்; சொந்தக்காரங்க உள்ளே வரலாம்னு அர்த்தம். ஆனா நம்ம ஜனங்க சும்மா இருப்பாங்களா? ஒருத்தர் அதுல சினிமா பார்த்தார். இன்னொருத்தி செல்ஃபி எடுத்தா. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நிலவரம் காட்டுற அந்த ஒரே ஆப்பைத் தவிர எதுவும் திறக்காதபடி பூட்டினேன். நடுவுல வந்து குதிக்கிற அறிவிப்பு ஒண்ணு விடாம எல்லாத்தையும் நிறுத்தினேன். இனி எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்னு மார்தட்டிக்கிட்டேன்.

அடுத்த வாரமே என் அண்ணனை நெஞ்சுவலியோட நாலாம் பெட்டுல சேர்த்தோம். தேறுறது கஷ்டம்னு டாக்டர் எங்கிட்ட மட்டும் சொன்னார். கண்ணு முழிச்சா அண்ணியை அஞ்சு நிமிஷம் உள்ளே விடுறேன்னார். அண்ணிக்கு அந்த அஞ்சு நிமிஷம் போதும். "முழிச்சதும் என்னைத்தான் தேடுவார் தம்பி"ன்னு சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. சிஸ்டர் முகம் சுளிச்சாங்க. நான் வேலை பார்க்கிற இடமாச்சே, எனக்கு மானம் போச்சு.

"அண்ணி, தட்டாதீங்க. இந்த நாலாம் நம்பரைப் பாருங்க. மஞ்சளானா உள்ளே போங்க. நானே செஞ்சு வச்சது, தப்பவே தப்பாது."

நம்பிட்டாங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு, பாத்ரூமுக்குக்கூட எழுந்திரிக்காம அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடியில வேலையை முடிச்சுட்டு வந்தேன். பச்சை. ஓரத்துல பொடி எழுத்துல, கடைசியா நிலவரம் வந்து சேர்ந்த நேரம்: காலை 9.40. ரகசிய எண்ணைப் போட்டுப் பூட்டை எடுத்தேன். நான் அடைச்சு வச்ச அறிவிப்பு அப்பத்தான் வெளியே வந்தது: 'இணைப்பு துண்டிக்கப்பட்டது. மீண்டும் உள்நுழையவும்.' நுழைஞ்சேன். மூணுக்கு அடுத்து அஞ்சு வந்தது. நாலாம் நம்பரே இல்லை.

"வார்டுக்கு மாத்திட்டாங்களா தம்பி?" அண்ணி முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

கதவை இடிச்சேன். சிஸ்டர் வந்தாங்க. "எங்கேம்மா போயிட்டீங்க? ஒரு மணிக்குக் கண்ணு முழிச்சார். நாலு தடவை அழுத்தினேன், யாரும் வரல. என்னாலயும் அவரை விட்டு நகர முடியல. வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தார். இப்பத்தான்..." தலையைக் குனிஞ்சாங்க.

அண்ணி என்னைச் செருப்பால அடிச்சிருந்தா தாங்கியிருப்பேன். அவங்க என் பக்கம் திரும்பவே இல்லை. சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஏதோ தப்புப் பண்ணின ஆள் மாதிரி கெஞ்சினாங்க.

"இங்கேயேதாம்மா இருந்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. பச்சையாத்தான் இருந்துச்சு."