எர்ச்சிமின் வலது கால்

என் தம்பி எர்ச்சிமின் வலது கால் எங்கள் வட்டாரத்தில் பேர்போனது. ஜூனில் நடக்கும் கோடை விழாவில் ஒற்றைக் காலில் பதினொரு தாவல் தாவும் போட்டியில் இரண்டு வருடமாக அவன்தான் முதல். அந்தக் காலைத்தான் ஜனவரியில், மைனஸ் ஐம்பத்தொன்று டிகிரிக் குளிரில், உறைந்த ஆற்றில் விட்டான். பனிக்கடியில் தண்ணீர் ஊறி நிற்கும் இடம் என்று தெரிந்தும், பிரிந்துபோன குதிரையை மடக்கக் குறுக்கே ஓடினான். முழங்கால்வரை இறங்கிவிட்டது.

பக்கத்தில் குதிரை மேய்ப்பவர்களின் குடிசை. நானும் அவனும் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் பூட்ஸ் உறைந்து இரும்பாகிவிட்டது. கத்தியால் கிழித்துக் கழற்றினேன். விரல்கள் ஐந்தும் மெழுகாக வெளுத்திருந்தன.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா. ஒண்ணுமே தெரியல."

வலி தெரியாததுதான் மோசம்.

அவன் வாசலுக்கு வெளியே கை நீட்டி ஒரு பிடி பனியை அள்ளினான், தேய்க்க. கையைத் தட்டிவிட்டேன்.

"எல்லாரும் இப்படித்தானக்கா தேய்ப்பாங்க?"

"அப்பாவும் தேய்ச்சாரு. பாதிப் பாதத்தோட நடக்குறாரு, பாக்குறல்ல?"

"சரி, அடுப்பையாவது மூட்டு."

குடிசையை விட்டுக் கிளம்புகிறவன் அடுத்து வருபவனுக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டுத்தான் போவான். எங்கள் பக்கத்தில் குடிகாரன்கூட அதை மறக்கமாட்டான். அடுப்பருகே ஐந்தே ஐந்து துண்டு கிடந்தது. காய்ந்த மரம் தேடி வெட்டி இழுத்து வர அரை நாள் ஆகும்.

"கடைசியா இங்க வந்த புண்ணியவான் யாரு?"

எர்ச்சிம் கூரையைப் பார்த்தான்.

"நீயாடா?"

"போன வாரம் மல்யுத்தம் பாக்க அவசரமா கெளம்பிட்டேன். யாரு வரப்போறாங்கன்னு நெனச்சேன்."

"நீதான் வந்திருக்க."

இரண்டு அறை விடலாம் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. ஐந்து துண்டு விறகில் கால் இளகிவிடும், ஆனால் குடிசை சூடாகாது, அங்கே தங்க முடியாது. வீடு குதிரையில் இரண்டு மணி நேரம். இளகிய கால் வழியில் மறுபடி உறைந்தால் அவ்வளவுதான். பனியில் தேய்த்தது போதாதென்று அப்பாவுக்கு அதுவும் நடந்தது.

"அடுப்பு வேணாம். ஒறஞ்ச கால் ஒறஞ்சபடியே வீட்டுக்கு வரணும்."

"ரெண்டு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்ட்டு வந்து டாக்டராயிட்டியா? இது என் காலுக்கா."

"அதனாலதான்டா சொல்றேன்."

அவன் உள்சட்டையிலிருந்து ஒரு வோட்கா பாட்டிலை எடுத்தான். பிடுங்கி அடுப்புக்குள் கவிழ்த்தேன். எங்கள் வழக்கப்படி முதல் வாய் நெருப்புக்குத்தான்.

"நெருப்புக்குக் குடுத்தாச்சு."

"நெருப்பே இல்லியேக்கா," என்றான் பரிதாபமாக. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

காலை ஒற்றித் துடைத்து, என் மாற்று ரோமக் காலுறையைத் தளர்வாகப் போட்டேன். மேலே வைக்கோலும் என் முயல்தோல் உள்ளங்கியும் சுற்றினேன். தூக்கிக் குதிரையில் ஏற்றினேன். வழியெல்லாம் பயந்தேன். நான் சொன்னது தப்பாக இருந்தால் அந்தக் காலை நானே கொன்றவளாவேன். ஆனாலும் எங்கும் நிற்கவில்லை, அவன் கெஞ்சியபோதும்.

வீட்டில் நுழைந்ததும் அவன் காலை அடுப்பில் ஒட்ட வைக்கப் பார்த்தான். இழுத்து உட்காரவைத்தேன். அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். அவனுக்குச் சூடு தெரியாது என்பதால் என் முழங்கையை விட்டுப் பார்த்தேன். ஆற ஆற, காலை வெளியே எடுக்கச் சொல்லி வெந்நீர் கலந்தேன். பத்து நிமிடம் போனது, இருபது போனது. வெளுப்பு அசையவில்லை. நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவன் அலறினான்.

"எரியுதுக்கா, நெருப்ப வச்ச மாதிரி. நீ ஒரு பிசாசு. நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"திட்டுடா. இன்னும் நல்லாத் திட்டு."

கட்டைவிரலிலிருந்து சிவப்பு ஏறியது. நான் அழுதுகொண்டே விரலிடுக்குகளில் சுத்தத் துணி வைத்துக் கட்டினேன். மறுநாள் வந்த மருத்துவ உதவியாளர் கொப்புளங்களை உடைக்கக் கூடாது என்றார். விரல் ஐந்தும் பிழைத்தன, நகங்கள்தான் போயின.

மே மாதம் இருவரும் அந்தக் குடிசைக்குப் போனோம். அவன் கோடரியோடு இறங்கி, கூரை தொடும்வரை விறகு அடுக்கி முடித்துத்தான் டீ குடித்தான். பிறகு வாசலில் வலது காலை ஊன்றித் தாவத் தொடங்கினான். நான் எண்ணினேன். ஏழாவதில் தடுமாறி விழுந்தான்.

"மீதி நாலு ஜூன்லக்கா," என்றான், மண்ணில் கிடந்தபடியே.