கரை ரோட்டில் அணைந்த பல்பு

வெல்டருக்கு இடது தோள் காலையிலிருந்தே கழன்று விழுவதுபோல் வலித்தது. முந்தின நாள் முழுக்க ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே வெல்டிங் வைத்திருந்தான். கார் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். பின்சீட்டில் அவன் மனைவி, வயிற்றில் தலையணையை அணைத்தபடி சாய்ந்து கிடந்தாள். பித்தப்பையை எடுத்துத் தையல் போட்டு, அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"ஏங்க, இருட்டுறதுக்குள்ள போயிடலாம்ல?"

"பேப்பர் வேலைய முடிக்கவே அவங்களுக்குப் பொழுது போயிடுச்சு. நான் என்ன, சூரியனக் கட்டியா வைக்க முடியும்?"

"எங்க அண்ணன் வண்டி அனுப்புறேன்னாரு."

"உங்க அண்ணன் வண்டிக்கு மட்டும் நாலு லைட்டா இருக்கு?"

"ரெண்டுதான். ரெண்டும் எரியுது."

ஒரு மாதமாக இந்த ஹெட்லைட் அவன் உயிரை எடுத்தது. முதலில் இடது பல்பு போனது. மாற்றினான். வலது போனது. மறுபடி இடது. "கையால தொட்டிருப்ப. விரல் எண்ணெய் பட்டா சூட்டுல போயிடும்" என்றார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். அடுத்த பல்பைப் புதுத்துணியில் பச்சைப் பிள்ளையைப்போல ஏந்திப் போட்டான். அதுவும் போனது. "அப்ப எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கும்" என்றார். வயர் முனையை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினான். பிறகும் போனது. போலிச் சரக்கு விற்கிறாயா என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டு, வேறு கடையில் கூடுதல் விலைக்கு இரண்டு பல்பு வாங்கி, இன்று காலையில்தான் போட்டான். அந்தத் தெம்பில்தான் மச்சானின் வண்டியை வேண்டாம் என்றான்.

கரை ரோட்டில் ஏறும்போது வெளிச்சம் வடிந்துவிட்டது. ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். இறங்கி ஒதுங்கக்கூட இடமில்லாத ரோடு. விளக்குக் கம்பம் கிடையாது. மண் லாரிகள் மட்டும் ஓடும்.

ஹெட்லைட்டைப் போட்டான். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வெளிச்சம் வெளுத்துக்கொண்டே போனது.

"பாத்தியா, பட்டப்பகல் மாதிரி."

"ரொம்ப வெள்ளையா இருக்கே."

"நல்ல பல்புன்னா அப்படித்தான்."

இடது பல்பு போனது. அவன் வாய் மூடுவதற்குள் வலதும் போனது.

ரோடு காணாமல் போயிற்று. வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. சட்டென்று பிரேக் போட்டால் அவள் முன்சீட்டில் மோதுவாள். மெல்ல, மெல்ல அழுத்தி நிறுத்தினான். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். ஒன்றுகூட மின்னவில்லை. பின்பக்கச் சிவப்பு விளக்கும் இல்லை. அவையெல்லாம் எப்போது போயின என்று அவனுக்குத் தெரியாது. முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன்.

திரும்பக் கிளம்பாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இஞ்சினை அணைக்கவில்லை.

"ஏங்க, அழுகின முட்டை நாத்தம் அடிக்குது," என்றாள். "நான் இல்ல. எனக்கு இன்னும் கஞ்சியே குடுக்கல."

சிரித்தாள். உடனே, "அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்றம் அவனுக்குத் தெரியும். பட்டறையில் ஒரு பேட்டரி வெடித்து, பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

தூரத்தில் லாரி உறுமியது. பின்னாலிருந்து வந்தது.

கதவைத் திறந்து அவளைத் தூக்கலாம். தூக்கி எங்கே நிறுத்துவது? வாய்க்காலிலா, பள்ளத்திலா? சட்டையைக் கழற்றினான். செல்போன் லைட்டை ஒரு கையிலும் சட்டையை மறுகையிலும் பிடித்து வீசிக்கொண்டு லாரியை நோக்கி ஓடினான். தொண்டை கிழியக் கத்தினான். லாரி வந்துகொண்டே இருந்தது. பிரேக் அலறியது. சக்கரம் மண்ணை அள்ளி அவன் முழங்காலில் அடித்தது. நின்றது.

"சாகுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" லாரி டிரைவர் தலையை நீட்டினார். நரைத்த மீசை. வாயில் பீடி.

"அண்ணே, வண்டியில பொண்டாட்டி இருக்கா. வயித்துல தையல். லைட்டெல்லாம் போயிடுச்சு."

அவர் இறங்கினார். காரை நெருங்கியதும் மூக்கைச் சுளித்தார். பீடியை எறிந்து மிதித்தார்.

"மொதல்ல இஞ்சின அமத்து!"

பானெட்டைத் திறந்தார்கள். பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தது. மூடிகளின் ஓரம் ஆசிட் கொதித்து வழிந்தது.

"வண்டியில எங்கயாவது வெல்டிங் வச்சியா?"

"போன மாசம் பம்பர் பட்டை உடைஞ்சிருந்துச்சு. நானே வச்சேன். நான் வெல்டருண்ணே."

"பேட்டரி வயரக் கழட்டிட்டுத்தான?"

அவன் பம்பரைப் பார்த்தான். தொட்டி, கேட், தூண், கூரை என்று ஆயுசு முழுக்க இரும்பு ஒட்டியவன். எந்தத் தொட்டிக்கும் பேட்டரி இருந்ததில்லை. அன்றைக்கும் எர்த் கவ்வியை பம்பரில் மாட்டினான், ராடைத் தட்டினான், முடிந்தது.

"நல்லா வச்ச போ. உன் மிஷின் கரண்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டருக்குள்ள போய், அளவு பாத்து அனுப்புறத எரிச்சிடுச்சு. அதுக்கப்புறம் அது கண்ணுமண்ணு தெரியாம கரண்ட் தள்ளுது. பல்பு என்ன பண்ணும்?"

டிரைவர் உள்ளே கையை விட்டு ஆல்டர்னேட்டர் பிளக்கைப் பிடுங்கினார். பானெட்டைத் திறந்தே வைத்து, காற்று நாற்றத்தைக் கொண்டுபோகும்வரை நின்றார்கள்.

"இனி பேட்டரியில மிச்சம் இருக்கிறத வச்சு ஓட்டு. கரை தாண்டுற வரைக்கும் தாங்கும். நான் பின்னாலயே வெளிச்சம் அடிச்சுக்கிட்டு வரேன்."

"சாவியத் திருப்பும்போது பொறி பறந்தா?"

"பறக்காதுன்னு எழுதியா தர முடியும்?"

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் எறங்கல. என்ன ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஆகட்டும்."

"வாய மூடு. கழுத்தப் புடி."

அவளைத் தூக்கினான். தோளுக்குள் எதுவோ அறுந்ததுபோல் இருந்தது. லாரியின் முன்கம்பியை அவள் பிடித்துக்கொள்ள, டிரைவர் முழங்கையைத் தாங்கினார். "சாஞ்சுக்கம்மா. அழாத, தையல் இழுக்கும்."

காருக்குள் தனியாக உட்கார்ந்தான். விரலில் சாவி வழுக்கியது. கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தான். மூடிக்கொண்டுதான் திருப்பினான்.

இஞ்சின் இருமியது. செத்தது. இன்னொரு தடவை திருப்பினான். பிடித்துக்கொண்டது.

அவளைத் திரும்பப் படுக்கவைத்து நகர்ந்தார்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் காரின் நிழலே முன்னால் விழுந்தது. ரோட்டின் இரண்டு ஓரமும் தெரிந்தன, நடு தெரியவில்லை. தன் நிழலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனான். எதிரே ஒரு லாரி வந்தால் இரண்டுக்கும் இடமில்லை. பின்சீட்டில் அவள் மூச்சு கேட்கிறதா என்று காது கொடுத்தான்.

"இருக்கியா?"

"இருக்கேன். ரோட்டப் பாருங்க."

கரை இறங்கி, கடை வெளிச்சம் வந்ததும் காரை ஓரங்கட்டினான். லாரி பக்கத்தில் வந்து நின்றது. பேன்ட் பைக்குள் கை விட்டவனைப் பார்த்து டிரைவர் தலையாட்டினார்.

"காசு வேணாம். என் பின்கதவுல கீல் விட்டுப்போச்சு, கம்பி கட்டி ஓட்டுறேன். உன் பட்டறைக்கு வரேன், வச்சுக் குடு."

"எப்ப வேணா வாங்கண்ணே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான் பட்டறை."

"பயப்படாத, வயரக் கழட்டிட்டுத்தான் நிறுத்துவேன்."

பெயரைக் கேட்கத் தோன்றுவதற்குள் லாரி போய்விட்டது.

தையல் பிரித்தாகிவிட்டது. ஆல்டர்னேட்டர் மாற்றியாகிவிட்டது. பட்டறை வாசலில் எந்த லாரி நின்றாலும் அவன் முதலில் பின்கதவைத்தான் பார்க்கிறான். கம்பி கட்டிய கதவு இதுவரை வரவில்லை. அந்தக் கீலுக்கு ஒரு வெல்டிங் அவன் இன்னும் பாக்கி.