பக்கத்து நிரை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. குமுளி பஸ் நிலையத்தில் கம்பம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நண்பன் சூசையப்பன் சொன்னது. மதுரையில் மனோதத்துவ ஆராய்ச்சி செய்தவன். 1975-ல் இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போனான். முந்தைய மழைக்காலத்தில் அங்கே மலை சரிந்து ஒரு லயமே, தொழிலாளிகள் குடியிருந்த வீட்டு வரிசை மொத்தமும், மண்ணுக்குள் போயிருந்தது. பிழைத்தவர்களின் மனசு என்ன ஆகிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி.

(அந்த நோய்க்கு அப்போது சரியான பெயர்கூடக் கிடையாது. அவன் படித்த புத்தகங்களில் சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள்தான் இருந்தார்கள். கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தியும் இல்லை.)

2

தொடக்கம் சரியாக அமையவில்லை.

"மலை சரிந்த அன்று குருவம்மாள்..." வேண்டாம். நான் அங்கே இல்லை. அந்தச் சத்தத்தை எழுதப் போனால் பொய்யாகிவிடும்.

"மேகம் தவழும் பசுஞ்சோலையில்..." இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். குருவம்மாளின் மகள் சந்தனம் அந்த மண்ணுக்குள் போனவள். உடல் கிடைக்கவில்லை. எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளின் ஒவ்வொரு வரிசையும் ஒரு நிரை. காலையில் யார் எந்த நிரைக்குள் போய் நிற்கிறாளோ, அன்றைக்கு அது அவளுடையது. மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். தாயும் மகளும் எப்போதும் அடுத்தடுத்த நிரை பிடிப்பார்கள். மகள் போன பிறகும் குருவம்மாள் பக்கத்து நிரையை யாருக்கும் விடவில்லை.

"சந்தனம் பின்னால வாரா" என்பாள்.

இதுவரை துக்கம்தான். இனிமேல்தான் எனக்கு எழுதப் பயமாக இருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் அந்த நிரையும் கிள்ளி முடிந்திருக்கும்.

3

மானேஜரை அங்கே துரை என்பார்கள். அவர் சூசையப்பனிடம் கறாராகச் சொல்லியிருந்தார். "ஆராய்ச்சி பண்ணிக்குங்க. ஆனா அவளுக்குப் புத்தி சரியா இருக்கா, இல்லையான்னு ஒரு வார்த்தை எனக்குச் சொல்லணும். இல்லைன்னா கணக்கை முடிச்சுக் கம்பத்துக்கு பஸ் ஏத்திருவேன்."

வேலை போனால் வீடும் போகும். அதைவிட, மகள் கிடக்கும் மலையை விட்டு இறங்கினால் குருவம்மாள் செத்துப்போவாள். அது எல்லாருக்கும் தெரியும், துரைக்கும்கூட.

சூசையப்பன் குருவம்மாளிடம் கேட்டான். "கனவு வருதாம்மா?"

"தூங்குனாத்தானய்யா வரும்."

"மழைச் சத்தம் கேட்டா எப்படி இருக்கு?"

"மழ பெஞ்சா பயமில்லய்யா. நின்னாத்தான் பயம். அன்னைக்கும் நின்ன பெறகுதான் மண்ணு வந்துச்சு."

"பக்கத்து நிரைய யாரு கிள்றா?"

"எம் மக."

(இங்கே ஒரு விளக்கம் எழுதி அடித்துவிட்டேன்: அவளே கிள்ளிவிட்டு மறந்துபோகிறாள் என்று. சூசையப்பனும் அப்படித்தான் நினைத்தான். நல்ல விளக்கம். அது மட்டும் சரியாக இருந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.)

4

மறுநாள் அவன் ஒரு காரியம் செய்தான். யாரும் நுழையாமல் காவல் காப்பதற்காக அந்த நிரைக்குள்ளேயே போய் நின்றுகொண்டான்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி நல்லதம்பி கீழேயிருந்து கத்தினார். "சார், வெளிய வாங்க. நிரைக்குள்ள சும்மா நிக்கப்படாது."

"நான் பாக்கத்தான் நிக்கிறேன்."

"நின்னா நின்னதுதான் சார்."

குருவம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தானாம்.

மஞ்சு, மலைமேல் படியும் மூடுபனி, இறங்கியது. அந்த மூட்டத்திலும் அவள் தன் நிரையை விட்டு நகரவில்லை, வேறு ஒருவரும் வரவில்லை என்று சத்தியம் செய்தான். மஞ்சு விலகியபோது நிரை முடிந்திருந்தது. அவன் அதன் மறுமுனையில் நின்றான். எப்படி அங்கே போனான் என்று தெரியவில்லை. கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் கறுப்பாகக் கறை. மழைக்கோட்டுப் பை இரண்டும் பிதுங்க ஈரக் கொழுந்து. முற்றல் இலை ஒன்றுகூட இல்லை.

குருவம்மாள் தன் கூடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

"போடு தாயி. எடை போட நேரமாச்சு."

போட்டான்.

5

எடை போடும் இடத்தில் துரை ஜீப்பை விட்டு இறங்கிக் கேட்டார். "என்ன சார், புத்தி சரியா இருக்கா, இல்லையா?"

சூசையப்பன் வாயைத் திறந்தபோது...

குமுளியில் அவன் கதையை இந்த இடம்வரை சொன்னபோது கம்பம் பஸ் வந்து, ஏறிப் போய்விட்டான். நம்பாதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு பஸ் இப்படித்தான் வசதியாக வரும். பஸ் வரவில்லை. அவன் அழுதான். எனக்கு மேலே கேட்க மனசு வரவில்லை.

'சரியில்லை' என்று அவன் சொன்னதாக எழுதினேன். குருவம்மாளை பஸ்ஸில் ஏற்றும்போது பேனா நின்றுவிட்டது. 'சரியாக இருக்கிறது' என்று மாற்றினேன். அவள் மலையிலேயே இருந்தாள். நாளைக்கும் அந்த நிரைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. சந்தனம் உயிரோடு நடந்து வருவதாக ஒரு முடிவையும் எழுதிப் பார்த்தேன். அதைக் கிழித்தபோது எனக்கும் அழுகை வந்தது.

துரை இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவளை இறக்கிவிடுவதா, இருக்கவிடுவதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.